கன்னி தொட்ட கை

மாதுங்கா ஸ்டேஷன் பாலத்தடியில் ஒரு கைரேகைக்காரர் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. கூட வந்த பெண்களுக்கெல்லாம் பார்த்து முடித்துவிட்டு என் கையை வாங்கினார். விரித்தார். பூதக்கண்ணாடியை வைத்தார், எடுத்துத் துடைத்தார், மறுபடி வைத்தார். பிறகு என் விரல்களை மடக்கி, கையை என் மடியிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"இது ஒருத்தர் கை இல்லம்மா. நான் யாருக்குன்னு சொல்றது?" என்றார். காசு வாங்கவில்லை.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது எனக்குப் புதிதும் இல்லை.

மற்றவர்களுக்கு உள்ளங்கையில் பெரிய கோடு சிலது ஓடும். எனக்குக் கை நிறையக் கோடு. முறுக்குப் பொட்டலம் கட்டிய காகிதத்தைக் கசக்கிப் பிரித்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். கீழ் இமைக்கு அடியில் எல்லாருக்கும் இல்லாத இன்னொரு மடிப்பு உண்டு. நன்றாகத் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் முகம்தான். முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் மாதிரி வெடித்திருக்கும். எண்ணெய் தேய்க்காத நாளில் சாம்பல் பூத்துத் தெரியும். இது மூன்றும் எங்கள் வீட்டுக்கென்று வருவது. அப்பாவுக்கு இருந்தது. என் தம்பிக்குக் கண் மடிப்பு மட்டும் வந்தது, கூடவே மூச்சு இழுப்பு. மூன்றும் சேர்ந்து ஒரு பெண்பிள்ளைக்கு வந்தால் அது கன்னி தொட்ட பிள்ளை என்பார்கள்.

கன்னி என்பது என் அப்பாவின் தங்கை. தோல் பதனிடும் இடத்தில் வேலை கிடைத்து அப்பா குடும்பத்தோடு தாராவிக்கு வந்தபோது அவளும் வந்தாள். அவளுக்குக் கரப்பான் நோய். கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் கழுத்திலும் அரித்து, சொறிந்து சொறிந்து புண்ணாகி, நீர் வடிந்து, காய்ச்சல் கண்டு, பெரியவளாவதற்கு முன்பே போய்விட்டாள். அது நான் பிறப்பதற்கு முன்பு. அவளுக்குப் படம் கிடையாது. என் முகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்யாணமாகாமல் செத்த பெண்ணை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவோம். ஓலைப்பெட்டி ஒன்றில் அவளுக்குப் பட்டுப் பாவாடை, சட்டை, ரிப்பன், வளையல், சீப்பு, பவுடர் டப்பா வைத்து மூடிவிடுவோம். பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை போடுவோம். வருஷத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கி, புதுப் பட்டு வைத்துப் படைப்பு. எங்கள் கன்னிப் பெட்டி மேல் தட்டில், தகரக் கூரையை ஒட்டி இருக்கிறது. ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும்.

அவள் தொட்ட பிள்ளைக்கு அரிப்பு தொடங்கினால், பெட்டியிலிருக்கிற அவள் பட்டை எடுத்து உடுத்தவேண்டும். ஒரு வெள்ளியிலிருந்து மறு வெள்ளிவரை கழற்றக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. இரண்டு வேளையும் சாம்பிராணிப் புகை காட்டவேண்டும். அவள் ஆசை தீர்ந்தால் விட்டுவிடுவாள். நடுவில் கழற்றினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

எனக்கும் உடுத்தினார்கள். பாவாடைக் கரையின் ஜரிகை முழங்கால் மடிப்பில் அறுத்ததும், அந்துருண்டை நெடியும், நான் சொறியாதபடி அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டே இருந்ததும் நினைவிருக்கிறது. பிழைத்தேன். வளர வளர அரிப்பு தானாகக் குறைந்து, பெரியவளானதும் ஒரேயடியாக நின்றுவிட்டது. கன்னி விட்டுவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா மட்டும் என்னை உற்றுப் பார்த்து, "விடல. உள்ள போயிட்டா" என்றார்.

அதிலிருந்து படைப்பு வெள்ளியன்று பெட்டிக்கு முன்னால் உட்காருகிறவள் நான். சொந்தக்காரர்கள் சுனாபட்டியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருவார்கள். வேலை கிடைக்குமா, கருத்தரிக்குமா என்று கேட்பார்கள். எனக்குள்ளிருந்து அவள் சொல்வாள். வந்து சொன்ன வருஷங்கள் உண்டு. வராத வருஷங்களில் நான் திருநீறு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எந்த வருஷம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கல்யாணம் நடக்கவில்லை. பெண் பார்க்க வந்த ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, "ஒருத்தியக் கட்டுனா ரெண்டு பேருக்குச் சோறு போடணுமோ?" என்று தன் அம்மாவிடம் கேட்டார். நான் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்கப்புறம் யாருக்கும் தட்டு ஏந்தவில்லை. முறுக்கு பிழிந்தேன். தம்பியைப் படிக்க வைத்தேன், அவன் மகனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். இந்த வீட்டில் என் வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது என்றால், முறுக்கு பாதிக் காரணம், கன்னி பாதிக் காரணம்.

தம்பி மகனுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். கண்ணுக்குக் கீழே மடிப்பு இருந்தது. மூடியிருந்த கையைத் தம்பிதான் விரித்தான். விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே மூடினான்.

குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் சிவப்பு வந்து வந்து போனது. பாலர் பள்ளி போகிற வயதில் முழுசாகத் தொடங்கியது. கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து. எனக்கு எங்கெங்கு இருந்ததோ அங்கங்கேதான். ஒரு மதியம் அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். வாய் திறந்திருந்தது, மூச்சு சீராக வந்தது. கை மட்டும் எழுந்து போய் முழங்காலுக்குப் பின்னால் சொறிந்தது. உடம்புக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருந்தது. நான் பிடித்தேன். சின்னப் பிள்ளையின் கைக்கு அவ்வளவு வலு இருக்குமென்று நான் நினைத்ததில்லை. என் பிடியிலிருந்து உருவிக்கொண்டு மறுபடி போனது.

அவளை எழுப்பி, "ஏட்டி, ஏன் இப்படிப் பிறாண்டுத?" என்றேன்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழைவிட இந்திதான் முதலில் வரும். "மே நஹி, ஆச்சி. வோ தீதி கர்தி ஹை" என்றாள். நான் இல்லை, அந்த அக்கா செய்கிறாள் என்று அர்த்தம்.

"எந்த அக்கா?"

அவள் மேல் தட்டைப் பார்த்தாள்.

கன்னியைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை. யார் சொன்னீர்கள் என்று வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவரும் இல்லை.

தம்பி அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான். "எக்கா, இனி யோசிக்கதுக்கு என்ன இருக்கு? அவளே கூப்பிட்டுட்டா. வார வெள்ளி உடுத்திருவோம்."

தம்பியின் மருமகள், பிள்ளையின் அம்மா, சீத்தா கேம்ப் பகுதியில் வளர்ந்தவள். வாயாடாதவள். அன்று பேசினாள். "மாமா, ஏற்கனவே தோலு வெடிச்சிருக்கு. பழைய பட்டப் போட்டா எரியாதா?"

"ஒங்க வீட்ல கன்னி உண்டா?"

"இல்ல."

"அப்போ தெரியாததப் பேசாத. எங்கக்கா உடுத்தி, இந்தா குத்துக்கல்லு மாதிரி இருக்கால்லா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் முறுக்கு மாவைப் பிசையப் போனேன். எனக்கு உடுத்தியது, நான் பிழைத்தேன், அந்தப் பெருமையில்தான் இந்த வீட்டில் இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறேன். வேறென்ன சொல்வேன்?

வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கி உடுத்தினோம். பச்சைப் பாவாடை, அரக்குக் கரை. பிள்ளை கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கை மடிப்பில் நீர் வடியத் தொடங்கியது. திங்களன்று மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டது. புகை போடப் போட இருமினாள். உடம்பு சுட்டது. தம்பி மகன் வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றான். அவனுக்கு அப்படியே விடவும் பயம், கழற்றவும் பயம்.

செவ்வாய்க்கிழமை ஆண்கள் வெளியே போனதும் மருமகள் என் முன்னால் வந்து நின்றாள். பிள்ளை அவள் தோளில் கிடந்தது. "பெரியத்த, நான் இவள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். நீங்க வந்தா ஒங்க கூட. வரலன்னா தனியா."

நான் செருப்பைப் போட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் கழிப்பறையில் வைத்துப் பட்டைக் கழற்றினாள். தண்ணீரால் நனைத்து நனைத்து, தோலிலிருந்து உரித்து எடுத்தாள். பிள்ளை கத்தக் கத்த அவளும் அழுதாள். வீட்டுக்குத் திரும்பும்போது மறுபடி போட்டுவிட வேண்டும் என்று பட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு பருத்திச் சட்டையை மாட்டினாள்.

தோல் டாக்டர் சின்னப் பெண். மராட்டிக்காரி, இந்தியில் பேசினாள். நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். புண்ணைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் உள்ளங்கையை விரித்தாள். கண்ணுக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். காலைத் தடவினாள். எங்கள் வீட்டில் பார்ப்பது போலவே, அதே வரிசையில் பார்த்தாள்.

"வீட்டில் வேறு யாருக்கு இந்தக் கை?" என்று கேட்டாள்.

மருமகள் என் கையைப் பிடித்து மேஜை மேல் வைத்தாள். டாக்டர் என் கையையும் பிள்ளையின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கிழவி கையும் குழந்தை கையும் அளவில்தான் வேறு.

"யாருக்காவது இழுப்பு இருக்கிறதா? தூசி பட்டால் விடாமல் தும்முகிறவர்கள்? சின்ன வயதில் உங்களுக்கும் இந்த இடங்களில் அரித்ததா, வளர்ந்ததும் நின்றதா? வீட்டில் இதில் இறந்தவர்கள் உண்டா?"

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. எங்கள் பேச்சு அவளுக்குத் தெரியாது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தவள் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். என் வாழ்நாளில் கன்னியைவிட அதிகமாக ஒரு ஆளைக் கண்டு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

டாக்டர் சொன்னது இது. சில குடும்பத்தில் தோல் மழைக்கு ஒழுகுகிற கூரைத் தகரம் மாதிரி அமைந்துவிடும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கிற தூசி, சோப்பு, மருந்து நெடி உள்ளே இறங்கும். உடம்பு அதோடு சண்டை போடும். அந்தச் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். கைக்கோடும் செதில் காலும் அந்த ஒழுகல் தோலுக்கு வெளி அடையாளம். கண்ணுக்குக் கீழே மடிப்பையும் இந்த நோய்க்காரர்களிடம் அதிகம் பார்க்கிறோம். கை நோயைக் கொண்டுவரவில்லை. இரண்டும் ஒரே வழியில் வருகின்றன. கை இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது. வந்த பலருக்கு வளர்ந்ததும் அடங்கும். சிலருக்கு நெஞ்சில் இழுப்பாக வரும். இப்போது புண்ணில் கிருமி இறங்கியிருக்கிறது, அதுதான் ஆபத்து.

"என்ன துணி போட்டிருந்தாள்?" என்று கேட்டாள். மருமகள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டர் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதைப் போட்டால் நல்ல தோலே அரிக்கும். இனி உடம்பில் படவே கூடாது. பருத்தி மட்டும். புகை கூடாது. தினம் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் களிம்பு." மருந்து எழுதினாள். காய்ச்சல் இறங்கவில்லை என்றால் உடனே கொண்டுவந்து சேர்க்கச் சொன்னாள்.

வருகிற வழியில், எங்கள் சந்து முனையில், மருமகள் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். பையிலிருந்து பட்டை எடுத்தாள். களிம்பு போட்ட உடம்பு மேல் அதை மாட்டப் போனவள், மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவியளும் மாமாவும் கேட்டா என்ன சொல்லட்டும், பெரியத்த?"

"நான் சொல்லுதேன்" என்றேன்.

வீட்டில் தம்பியும் அவன் மகனும் வந்துவிட்டிருந்தார்கள். பருத்திச் சட்டையில் பிள்ளையைப் பார்த்ததும் தம்பிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இழுப்புக்கான மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து இழுத்துக்கொண்டே சொன்னான். "வெள்ளி இன்னும் வரல. கழத்திட்டியளா? அவ இப்போ விடுவாளா? எக்கா, நீயுமா?"

"பெட்டிய எறக்குலே" என்றேன்.

"இன்னைக்கு வெள்ளி இல்லியே."

"எறக்கு."

அவனுக்கு ஏணி ஏற மூச்சில்லை. அவன் மகன் ஏறி இறக்கினான். விளக்கு வைத்தோம். நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் திட்டம் எனக்குத் தெளிவாக இருந்தது. அவள் வந்த மாதிரி ஆடுவது. பிள்ளையை விட்டுவிட்டேன், பட்டு இனி வேண்டாம், ஆஸ்பத்திரி மருந்தே போடு என்று அவள் வாயாகச் சொல்லிவிடுவது. அவளுடைய வாய் என்னிடம்தானே இருக்கிறது. டாக்டர் சொன்னதை இந்தியிலும் தமிழிலும் எத்தனை தடவை சொன்னாலும் தம்பி கேட்கப் போவதில்லை. அவள் சொன்னால் கேட்பான்.

பெட்டியைத் திறந்தேன். கண்ணை மூடினேன். தலையை ஆட்டத் தொடங்கினேன்.

எப்போது நான் ஆட்டுவது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பெல்லாம் அரித்தது. கழுத்தில், கையில், தொடையில், எங்கும். எனக்குப் புண் ஒன்றும் இல்லை. ஆனாலும் அரித்தது. என் வாய் திறந்து ஒரு சின்னப் பிள்ளையின் குரல் வந்தது. நான் சொல்ல நினைத்த எதையும் அது சொல்லவில்லை.

"பட்டு வேண்டாம். பட்டு அரிக்கி. வருசா வருசம் பட்டே தாறிய. எனக்கு அரிக்கில்லா."

அவ்வளவுதான். பிறகு அழுதது. அம்மாவிடம் சிணுங்குகிற பிள்ளை மாதிரி அழுதது. நான் கண் விழித்தபோது தம்பி பெட்டிக்கு முன்னால் குப்புற விழுந்து கிடந்தான். வயதான ஆள். தோள் குலுங்கியது.

அவள் சாகும்போது என்ன துணி உடுத்தியிருந்தாள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றால் தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஆனால் அந்தத் தோலை வைத்துக்கொண்டு அவள் இத்தனை வருஷம் எங்கள் பட்டுக்குள் கிடந்திருக்கிறாள் என்பது அன்றைக்கு வரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நல்லதைத்தான் கொடுக்கிறோம் என்று விலை பார்க்காமல் மாதுங்கா கடையில் வாங்கி வாங்கி வைத்தோம்.

பெட்டியிலிருந்த பட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். மடிப்புகளுக்குள்ளிருந்து வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. சொறிந்த காலிலிருந்து உதிருமே, அது மாதிரிச் சன்னமாக இருந்தது. அந்துருண்டைத் தூள் என்று தம்பி மகன் சொன்னான். இருக்கலாம். மருமகள் அதைக் கூட்டி அள்ளவில்லை. ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

பழைய நூல் புடவை ஒன்றைக் கிழித்து, துவைத்துத் துவைத்து மெதுவாக்கி, கன்னிக்குப் பாவாடை தைத்துப் பெட்டியில் வைத்தேன். அந்துருண்டை போடவில்லை. பூச்சி அரித்தால் அரிக்கட்டும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் மறுநாள் மாலை இறங்கியது. புண் ஆறச் சில வாரம் ஆனது. நோய் போய்விடவில்லை. மழைக்காலத்தில் தணிகிறது, குளிர் காற்று வந்தால் கிளம்புகிறது. தினமும் குளிப்பாட்டி ஈரத்தோடு களிம்பு போடுவது என் வேலை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கை மடிப்பு விட்டுப்போயிற்று, காதுக்குப் பின்னால் விட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொண்டிருப்பான். சொந்தக்காரர்கள் படைப்புக்கு வருகிறார்கள். ஆனால் அந்தக் குரலைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு யாரும் என்னிடம் வேலையையோ கருத்தரிப்பதையோ கேட்பதில்லை. சின்னப் பிள்ளையிடம் போய் இதையெல்லாம் கேட்பதா என்று கூச்சப்படுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் குறைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன குளிர்காலத்தில் ஒரு மதியம் பிள்ளை என் பக்கத்தில் தூங்கினாள். இரண்டு கையும் விரிந்து அசையாமல் கிடந்தன. அப்படி அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்ததும், "தீதி வந்தாளா?" என்று கேட்டேன்.

"நஹி" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, சாதாரணமாக, "அவ ஒங்ககிட்ட இருக்கா, ஆச்சி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன். என் கை என்னையறியாமல் முழங்காலுக்குப் பின்னால் போயிருந்தது. புடவையைத் தூக்கிப் பார்த்தேன். சின்ன வயதில் விட்டுப்போன அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. வயதானால் தோல் வறண்டு, அடங்கியது திரும்பி வருவது உண்டு என்று டாக்டர் பிறகு சொன்னாள். அவள் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

நான் சொறியவில்லை. பிள்ளையின் களிம்புக் குப்பியைத் திறந்து, விரலில் எடுத்து, மெதுவாகத் தடவினேன். "இங்கேயே இரு" என்றேன். "அங்க போவாத. நான் நெதமும் போட்டு விடுதேன்."